நோய்க்கு மணி பார்க்கத் தெரியுமா?

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். 2020 மார்ச் முதல் 2021 கடைசி வரை தமிழ்நாட்டில் வந்த ஊரடங்கு, தளர்வு அறிவிப்புகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதிவாரியாக ஏற்றுகிறேன். எதை மூடினார்கள், எதைத் திறந்தார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை சதவீதம், எந்த மாவட்டம். யாரும் கேட்டு இதைச் செய்யவில்லை. எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி சித்தி கேட்டது. 2020 மார்ச்சில் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் பெங்களூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். சித்தி முப்பது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் மதியம் 1 மணி வரை மட்டும் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பு 2.30 வரை இருந்தது. அன்று கடைக்குப் போய்விட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்த சித்தி பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"எய்யா, முன்னெல்லாம் ராத்திரி எட்டு மணிக்குப் போனா கடையில நான் ஒருத்திதான் நிப்பேன். இப்ப ஒரு மணிக்குள்ள ஊரே வந்து நிக்குது. நோய்க்கு மணி பாக்கத் தெரியுமாக்கும்?"

நான் அப்போது சிரித்துவிட்டு லேப்டாப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டு கட்சி

அந்த இரண்டு வருஷமும் டிவியிலும் பத்திரிகையிலும் வாட்ஸப்பிலும் நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் "உயிர் முக்கியம், மூடு". இன்னொரு பக்கம் "பிழைப்பு முக்கியம், திற". நடுவில் ஒருவர் "உயிரும் முக்கியம், பிழைப்பும் முக்கியம்" என்பார். மறுநாள் அதே மூவர், அதே சண்டை.

உலக அளவிலும் இதே கதைதான். 2020 அக்டோபரில் 'கிரேட் பாரிங்டன் பிரகடனம்' என்று ஒன்று வந்தது. முதியவர்களையும் நோயாளிகளையும் தனியாகப் பாதுகாத்துக்கொண்டு, மற்றவர்களைச் சாதாரணமாக வாழ விடுங்கள் என்றது. பத்தே நாளில் அதை மறுத்து 'ஜான் ஸ்னோ அறிக்கை' வந்தது. அப்படிப் பிரித்துப் பாதுகாப்பது நடைமுறையில் முடியாது, பரவலைத்தான் அடக்க வேண்டும் என்றது.

இரண்டையும் சமீபத்தில் மறுபடி படித்தேன். முதலாவதைப் படிக்கும்போது சித்தி வீடுதான் கண்ணில் வந்தது. ஒரு அறை, ஒரு திண்ணை, பின்னால் அடுப்படி. மகள் வேலைக்குப் போனால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது சித்தி. முதியவரை எங்கே தனியாக வைப்பது? பிள்ளையை யாரிடம் விடுவது? அந்த விஷயத்தில் ஜான் ஸ்னோ அறிக்கை சொன்னதுதான் சரி. ஆனால் பரவலை அடக்கும்வரை கட்டுப்பாடு வேண்டும் என்ற அந்த வாதம் இங்கே வந்து சேரும்போது, தினக்கூலி வீட்டில் அது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் வந்தது. பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவருக்கு லீவு என்றால் அன்றைக்குக் கூலி பூஜ்யம்.

என் புகார் இந்த இரண்டு கட்சியில் யார் சரி என்பது பற்றி இல்லை. இரண்டு பேரும் 'எவ்வளவு திறப்பது' என்று ஒரே குமிழைத்தான் திருகிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் திருகினால் மூடல், வலப்பக்கம் திருகினால் திறப்பு. 'எப்படித் திறப்பது' என்ற இன்னொரு குமிழ் இருந்தது. அதை விவாதத்தில் யாரும் தொடவே இல்லை. சித்தியின் கேள்வி அந்தக் குமிழைப் பற்றியது.

ஒரு சின்னக் கணக்கு

ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்த ஒரு விதி உண்டு. வரிசைகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு அது அரிச்சுவடி. சர்வர்களை அளவெடுக்க நாங்களும் பயன்படுத்துவோம். ஒரு இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதோடு பெருக்கினால் கிடைப்பதுதான் விடை.

ஒரு மளிகைக் கடை. நாளைக்கு 400 பேர் வருகிறார்கள், ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் என் ஊகம், விகிதம்தான் முக்கியம்).

கடை காலை 6 முதல் இரவு 8 வரை, 14 மணி நேரம் திறந்திருந்தால், எந்த நேரத்திலும் உள்ளே சுமார் 7 பேர்.

மதியம் 1 மணிக்கு மூடினால், 7 மணி நேரம். உள்ளே 14 பேர்.

2021 மே 15 முதல் மளிகைக் கடைகளுக்குக் காலை 6 முதல் 10 வரை மட்டும்தான் அனுமதி. 4 மணி நேரம். உள்ளே 25 பேர்.

தொற்று ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது. அதனால் தலைகளை எண்ணினால் போதாது, ஜோடிகளை எண்ண வேண்டும். 7 பேர் இருந்தால் 21 ஜோடி. 14 பேர் என்றால் 91. 25 பேர் என்றால் 300. கடை திறந்திருந்த மணி நேரத்தால் பெருக்குங்கள்: 14 மணிக்கு 294, 7 மணிக்கு 637, 4 மணிக்கு 1,200. அதே 400 பேர், அதே அரிசி பருப்பு. நேரத்தைக் குறைக்கக் குறைக்க ஒருவர் மூச்சில் இன்னொருவர் நிற்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறுகிறது.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. கடைக்குள் 25 பேர் கொள்ளாவிட்டால் மிச்சப் பேர் தெருவில் நிற்பார்கள், திறந்த வெளியில் ஆபத்து குறைவு. நேரம் குறைந்தால் சும்மா சுற்ற வருகிறவர்கள் வரமாட்டார்கள். பத்து மணிக்கு மேல் ரோட்டில் யார் போனாலும் கேட்கலாம் என்பதால் மற்ற நடமாட்டம் குறையும். இதெல்லாம் உண்மை. அரிசி, பருப்பு மாதிரி வாங்கியே ஆக வேண்டிய சாமானுக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுசாகப் பொருந்தும். ஆனால் அந்த நேரக்கட்டுப்பாடு முதலில் விழுந்ததே அந்தச் சாமான்களை விற்ற கடைகளின் மேல்தான்.

திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில்

எங்கள் தொழிலில் ஒரு பழைய தலைவலி. சர்வர் பத்து நிமிஷம் படுத்துவிட்டு எழுந்திருக்கும். காத்துக்கொண்டிருந்த அத்தனை கணினியும் ஒரே நொடியில் கதவைத் தட்டும். சர்வர் மறுபடி படுத்துவிடும். ஜல்லிக்கட்டு வாடிவாசலில் எல்லா மாட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி. இதற்கு வைத்தியம் ரொம்ப எளிது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் முன்னே பின்னே வரச் சொல்ல வேண்டும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இப்படி வாடிவாசல் திறந்த நாட்களுக்கு மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன். 2020 ஏப்ரல் 24 அன்று, 26 முதல் சென்னை, மதுரை, கோவை உள்ளிட்ட மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி காய்கறிக் கடைகளில் நின்ற கூட்டத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. அதனால் கறிக்கடைக் கூட்டம் சனிக்கிழமைக்கு நகர்ந்தது. 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. அதற்காக முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாக் கடைகளும் இரவு 9 மணி வரை திறக்கலாம் என்றார்கள். அதற்கு முந்தைய நாள், மே 21, தமிழ்நாட்டில் இரண்டாம் அலையின் உச்சம்: ஒரே நாளில் 36,184 தொற்று. உச்சத்துக்கு மறுநாள் எல்லாரையும் கடைத்தெருவுக்கு அழைத்தாகிவிட்டது.

நான் ஊரடங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அப்போது மூடியதை நான் குறை சொல்லமாட்டேன். மூடுவதற்கு முன்னும் திறந்த பின்னும் வரும் நெரிசலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் குறை.

தெரியாமல் இல்லை

இந்த வேலையில் எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் வேறு. கூட்டத்தைப் பிரிப்பது எப்படி என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிந்திருந்தது.

2020 ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் அரிசியும் கொடுத்தார்களே, அதற்கு வீடு வீடாக டோக்கன் வந்தது. எந்த நாள், எந்த நேரம் என்று அதில் இருந்தது. சித்தி குறித்த நேரத்துக்குப் போய் வாங்கிவிட்டு வந்தார். அடுத்து, மே 7 அன்று டாஸ்மாக் திறந்தபோது 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி, 40 முதல் 50 வரைக்கு 1 முதல் 3, அதற்குக் கீழே 3 முதல் 5 என்று வயதுவாரியாக நேரம் பிரித்தார்கள். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் மே 16 அன்று மறுபடி திறந்தபோது கடைக்கு நாளைக்கு 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறம்.

டாஸ்மாக் திறந்தது சரியா தப்பா என்றுதான் மாநிலமே சண்டை போட்டது. அந்தச் சண்டையில் யாருமே கவனிக்காமல் விட்டது அந்த நிற டோக்கனை. வரிசைக் கணக்கு தெரிந்த யாரோ ஒருவர் அந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறார். அதே மூளையைக் காய்கறிச் சந்தைக்குக் கொடுத்திருக்கலாம். எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையை இரண்டு மூன்று நாளாகப் பிரித்திருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் பாராட்டித்தான் ஆக வேண்டும். 2021 மே 24க்குப் பிறகு காய்கறி, பழங்களை வண்டிகளில் தெருத்தெருவாக அனுப்பினார்கள். ஒரு பெரிய கூட்டம் ஆயிரம் சின்னக் கூட்டமாகச் சிதறியது, அதுவும் திறந்த வெளியில். ஒரு வருஷம் முன்பே இதை வழக்கமாக்கியிருக்கலாம்.

திறந்தவெளி என்றதும் இன்னொரு முரண்பாடு. காற்று வழியாகப் பரவுவதைக் கவனியுங்கள் என்று 2020 ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நம் ஊரில் நான்கு சுவருக்குள் இருக்கும் தியேட்டர் 50 சதவீத இருக்கையோடு அந்த நவம்பர் 10 அன்று திறந்தது. கடல் காற்று வீசும் கடற்கரைக்குப் பொதுமக்களை டிசம்பர் 14 முதல்தான் விட்டார்கள். அடுத்த மாதம் பொங்கலுக்குத் தியேட்டரில் 100 சதவீதம் என்று ஆணை போட்டு, மத்திய உள்துறை ஆட்சேபித்த பின் நான்கே நாளில் திரும்பப் பெற்றார்கள். அப்போதும் விவாதம் நூறா ஐம்பதா என்றுதான் நடந்தது. ஜன்னல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

கோடு போட்ட கதை

மணிக்கு அடுத்தபடி, வரைபடம்.

2020 ஏப்ரல் 30 அன்று மத்திய சுகாதாரத் துறை நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319 என்று பிரித்தது. தமிழ்நாட்டில் பச்சை ஒன்றே ஒன்று, கிருஷ்ணகிரி. விருதுநகர் மாவட்டம் சிவப்பு, தூத்துக்குடி மாவட்டம் ஆரஞ்சு. கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கு ஓரம். அங்கிருந்து சாத்தூர் இருபது சொச்சம் கிலோமீட்டர், அது விருதுநகர் மாவட்டம். கரிசல் மண்ணுக்கு இந்த எல்லை தெரியாது. தீப்பெட்டித் தொழிலுக்கும் தெரியாது. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி எல்லாம் ஒரே பிழைப்பு.

ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை 8 மண்டலமாகப் பிரித்தார்கள். மண்டலத்துக்குள் பஸ் ஓடும், மண்டலம் தாண்ட ஈ-பாஸ் வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி ஒரு மண்டலம். விருதுநகர் மதுரையோடு வேறு மண்டலம். ஆக, சித்தி கோவில்பட்டியிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நாகர்கோவிலுக்கு பாஸ் இல்லாமல் போகலாம். பக்கத்திலிருக்கும் சாத்தூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போக முடியாது. ஜூன் 25 முதல் அந்த ஏற்பாடும் போய், மாவட்டம் தாண்டவே பாஸ் என்றானது. மாநிலத்துக்குள் ஈ-பாஸ் ஒழிந்தது செப்டம்பர் 1 அன்று.

கோடு எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும் என்பீர்கள். சரிதான். ஆனால் கோட்டின் நிறத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் பரிசோதனையில் உறுதியான தொற்று எண்ணிக்கை. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்து எதிரணுக்கூறு ஆய்வு நடத்தினார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைப் போல 30 மடங்குக்கும் மேல். அதாவது டிவியில் தினமும் சாயங்காலம் ஓடிய எண், முப்பதில் ஒரு பங்கைக்கூடக் காட்டவில்லை. 'எங்க ஊர்ல கேஸே இல்ல' என்று நாங்கள் பெருமைப்பட்ட கிராமங்களில் கேஸ் இல்லையா, டெஸ்ட் இல்லையா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

மணிக்கோடும் லத்தியும்

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் கோவில்பட்டிக்காரன் ஒருவன் தளர்வு விவாதத்தைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

2020 ஜூன் 19. சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜையும், செல்போன் கடை நடத்திய அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முதல் தகவல் அறிக்கை சொன்னதும் அக்கம்பக்கத்து சிசிடிவி காட்சிகளும் ஒத்துப்போகவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. ஸ்டேஷனில் அடித்த பிறகு, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, எங்கள் ஊர் கிளைச் சிறையில் கொண்டுவந்து அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு பென்னிக்ஸும், 23ஆம் தேதி காலை ஜெயராஜும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போய், அந்த செப்டம்பரில் ஒன்பது காவல்துறையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இதை போலீஸ் வன்முறை என்று நாடே பேசியது. அது சரியான பேச்சு, அந்தப் பொறுப்பை எதுவும் குறைக்காது. ஆனால் தளர்வு விவாதம் இதைத் தன் விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. 'கடை எட்டு மணி வரையா ஒன்பது மணி வரையா' என்று சாயங்கால டிவியில் பேசியவர்களில், அந்த மணிக்கோட்டை யார் காவல் காக்கப்போகிறார்கள், எதை வைத்துக் காவல் காக்கப்போகிறார்கள் என்று கேட்டவர்களை என் தேடலில் நான் பார்க்கவில்லை.

உத்தரவை மீறினால் அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் மீறலுக்கே அதில் உச்சபட்சத் தண்டனை ஆறு மாதமும் 1,000 ரூபாய் அபராதமுமாகத்தான் இருந்தது. காகிதத்தில் இருந்தது இவ்வளவு. தெருவில் அது என்னவாக மாறும் என்பது, கையில் லத்தி வைத்திருப்பவரின் அன்றைய மனநிலை. நேரக்கட்டுப்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது: கடிகாரத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளி கிடைத்துவிடுவார். உள்ளே எத்தனை பேர், காற்று வருகிறதா என்று பார்ப்பது கஷ்டம். காவல் காக்க எளிதாக இருப்பதாலேயே ஒரு விதி நோயைத் தடுக்கும் என்று ஆகிவிடாது. எட்டு மணிக்குக் கடையில் ஒற்றை ஆளாக நிற்கும் என் சித்தியால் யாருக்கும் ஆபத்து இல்லை. விதிப்படி மணி தாண்டிவிட்டால், அந்தக் கடைக்காரர் குற்றவாளி.

இதில் எங்கள் பகுதிக்குப் பழைய அனுபவமும் உண்டு. 188ஐப் போலவே அந்த நாட்களில் தினமும் கேட்ட 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம், ப்ளேக் காலத்தில் பிறந்தது. அதற்குப் பிந்தைய வருஷங்களில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். பஞ்சம் பிழைக்கப் போன ஏழைக்கு முகாம். நோயைத் தடுக்கும் விதி யார் மேல் முதலில் இறங்கும் என்பது நூறு வருஷத்தில் அதிகம் மாறவில்லை.

கடைசியாகத் திறந்த கதவு

டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே தொடக்கப் பள்ளிகளைத் திறந்தது. சின்ன வகுப்புகள்தான் அங்கே முதலில். நம் ஊரில் சின்ன வகுப்புகள்தான் கடைசியில். ஒன்று முதல் எட்டு வரை 2020 மார்ச் மத்தியில் மூடியது, 2021 நவம்பர் 1 அன்று திறந்தது. பத்தொன்பது மாதத்துக்கு மேல்.

டென்மார்க்கும் கோவில்பட்டியும் ஒன்றா என்றால் இல்லை. வகுப்பறையும் வேறு, மருத்துவமனையும் வேறு. பெற்றோரும் பயந்தார்கள். 2020 நவம்பரில் கருத்துக் கேட்டுவிட்டு, 16ஆம் தேதி திறப்பதாக இருந்ததையே தள்ளிவைத்தார்கள். ஆனால் தீப்பெட்டி பெல்ட்டில் பள்ளிக்கூடம் என்றால் படிப்பு மட்டும் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே பிள்ளைகளைக் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அனுப்பியது ஊரறிந்த விஷயம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. அதிலிருந்து பிள்ளைகளை வெளியே இழுத்ததில் பள்ளிக்கூடத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சித்தியே ஏழாம் வகுப்பில் நின்று ஆபீஸுக்குப் போனவர். அவர் மகள் நிற்கவில்லை.

2021இல் எங்கள் தெருவில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு என்று பெயர், மத்தியானம் முழுக்க அம்மாவோடு உட்கார்ந்து பெட்டிக்குள் குச்சி அடைத்துக்கொண்டிருப்பான். வீட்டில் ஒரு போன், அது அப்பாவோடு வெளியே போய்விடும். நான் அடுத்த தெருவில் ஃபைபர் இணைப்பில் மீட்டிங்கில் இருந்தேன். 'திறக்க வேண்டாம், பாதுகாப்புதான் முக்கியம்' என்று அப்போது நண்பர்கள் குழுவில் எழுதியவர்களில் நானும் ஒருவன். என் பாதுகாப்புக்கு யாருடைய மத்தியானம் செலவாகிறது என்று நான் யோசிக்கவில்லை. இந்தக் கட்டுரை மற்றவர்கள் மேல் மட்டும் விமர்சனம் இல்லை.

2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. குடியிருப்புக்குள்ளேயே சின்னக் குழு, ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். நல்ல திட்டம். கூட்டத்தைச் சிதறடிக்கும் அதே டோக்கன் மூளை. முதல் அலை தணிந்த 2020 கடைசியிலேயே, மரத்தடியில், பத்துப் பிள்ளைகளோடு இதைத் தொடங்கியிருந்தால்? 'பள்ளி திறப்பதா வேண்டாமா' என்று ஒரு குமிழையே திருகிக்கொண்டிருந்ததால் அந்த யோசனைக்கு இடமே இல்லாமல் போனது.

அடுத்த முறை

ஸ்ப்ரெட்ஷீட்டில் 'நிபந்தனை' என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். எந்த அளவு வந்தால் அடுத்த தளர்வு, எந்த அளவு தாண்டினால் மறுபடி மூடல் என்று அறிவிப்பிலேயே எண்ணோடு எழுதியிருந்தால் அதில் ஏற்ற வேண்டும். பத்தி பெரும்பாலும் காலி. 'முடிவு தேதி' பத்திதான் நிரம்பி வழிகிறது: இந்த நாள் நள்ளிரவு 12 மணி வரை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே கட்டுப்பாட்டைத் தளர்த்த ஆறு நிபந்தனை சொல்லியிருந்தது. நாங்கள் ஒரு சாஃப்ட்வேரை வெளியிடும்போதே, எது நடந்தால் திரும்ப எடுப்போம் என்று முதலில் எழுதிக்கொண்டுதான் பட்டனை அழுத்துவோம். பட்டனை அழுத்திய பிறகு யோசித்தால் பயமும் ஆசையும் சேர்ந்து முடிவெடுத்துவிடும்.

அடுத்த தொற்று வந்து, மறுபடி நான்கு பேர் டிவியில் உட்கார்ந்து 'திறக்கலாமா' என்று தொடங்கும்போது நான் கேட்க நினைப்பது சின்னக் கேள்விகள்தான். இந்த விதியால் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பவர்கள் கூடுவார்களா குறைவார்களா? இடத்தில் ஜன்னல் உண்டா? எது நடந்தால் விதியை மாற்றுவீர்கள், இப்போதே எழுதித் தர முடியுமா? மீறினால் கேட்கப்போவது யார், அவரைக் கேட்கப்போவது யார்? முதலில் திறக்கும் கதவு யாருடையது?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது லிட்டில் விதியையும் ஜோடிக் கணக்கையும் ஒரு தாளில் போட்டு சித்திக்குக் காட்டினேன். 294, 637, 1,200. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இதத்தானய்யா நான் அன்னைக்கே சொன்னேன். நீ சிரிச்சுட்டுப் போயிட்ட."